குறையாத சஹன்

நிலோபர்: இடிக்காத லாத்தா. சிந்திரும்.

சுல்தான் பீவி: சிந்தட்டும். ஒரு டம்ளர் பருப்புத் தண்ணி. தென்காசில குடிக்க ஆரம்பிச்ச... இலஞ்சி தாண்டி, குத்தாலம் வந்து, மண்டபத்து வாசல்ல காரும் நின்னாச்சு. இன்னும் பாதி கெடக்கு.

நிலோபர்: மடமடன்னு குடிக்கப்புடாது. ஒரு மடக்கு... கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்... அப்புறம் ஒரு மடக்கு.

சுல்தான் பீவி: வெளிய சாரலும் இப்படித்தான் தூறுது. ரெண்டும் எப்ப முடியும்னு தெரியல.

நிலோபர்: நீ சிரிப்ப. வயித்த வெட்டி வாழைக்காய் அளவுக்குச் சுருக்கி வச்சிருக்கு. அதுக்குள்ள அவசரமா என்னத்த ஊத்த?

சுல்தான் பீவி: ஏட்டி, மெல்ல! டிரைவர் காதுல விழுந்திரப் போவுது.

நிலோபர்: அவன் டீக்கடைல நிக்கான். பாத்துட்டுத்தான் பேசுதேன்.

சுல்தான் பீவி: உள்ள யாராவது கேட்டா என்ன சொல்லுவ?

நிலோபர்: பித்தப்பையில கல்லு. எடுத்தாச்சு.

சுல்தான் பீவி: கல்லுதான் எடுத்தாச்சே, இனி நல்லா சாப்பிட வேண்டியதுதானன்னு ஒரு கரண்டி நெய்ச்சோத்தப் போட்டா?

நிலோபர்: ...அதத்தான் நானும் யோசிக்கேன்.

சுல்தான் பீவி: பேசாம உண்மையச் சொல்லிரு. உசுரக் காப்பாத்த ஆபரேஷன் பண்ணிருக்க, களவா எடுத்த?

நிலோபர்: சொல்லிட்டு? "வாயக் கட்டத் தெரியாம வயித்த வெட்டிக்கிட்டா"ன்னு செங்கோட்டையிலேருந்து கடையநல்லூர் வரைக்கும் சிரிப்பாளுக. ஒடம்பு பெருத்து, படுத்தா மூச்சு முட்டி, ராத்திரி பூரா உக்காந்துகிட்டே தூங்கினேனே, அத எவ பாத்தா? வயித்துல குத்திக் குத்தி சுகர் ஊசி போட எடமில்லாமப் போச்சே, அத எவ பாத்தா?

சுல்தான் பீவி: நான் பாத்தேன்.

நிலோபர்: நீ பாத்த. உனக்கும் உன் மக ஷமீனாவுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும்தான் தெரியும். அதோட இருக்கட்டும்.

சுல்தான் பீவி: மாப்பிள்ளைக்கு மட்டும் லீவு முந்திக் கெடைக்காம இருந்தா கல்யாணத்தப்ப நீ இட்லியாவது தின்னுக்கிட்டு இருப்ப. ரெண்டு மாசம் கழிச்சு வைக்க வேண்டிய கல்யாணம்.

நிலோபர்: அதுக்கு ஹுஸைஃபாவக் கொற சொல்லி என்ன செய்ய? சவுதிக்காரன் குடுத்த தேதி. வந்த பிள்ளைக்கு நிக்காஹ் வைக்காம இருக்க முடியுமா?

சுல்தான் பீவி: மாப்பிள்ளைய நான் ஒண்ணும் சொல்லல. தங்கமான பிள்ள. அவன் உம்மாவத்தான்...

நிலோபர்: ஆரம்பிச்சிட்டா.

சுல்தான் பீவி: ஆரம்பிக்காம? நிக்காஹ் அன்னைக்கு, நீ ரூம்ல படுத்துக் கெடந்தப்ப, நம்ம வீட்டுச் சஹன்ல அந்த ஜுஹைனா மைனி என்ன செஞ்சா? நாலு பேரு ஒரே தட்டச் சுத்தி உக்காந்திருக்கோம். மூணு பேரு திங்கோம். அவ மட்டும் நாலு பருக்கையக் கிள்ளி வாயில வச்சிட்டு, கையக் கழுவப் போயிட்டா.

நிலோபர்: என்ன அவசரமோ.

சுல்தான் பீவி: சம்மந்தி வீட்டுச் சோத்துல என்னட்டி அவசரம்? ஒரு வாரமாச்சு, எனக்கு ஒழுங்காத் தூக்கம் இல்ல. என் சோத்த மதிக்காதவ என் பொண்ண எப்படி மதிப்பா? போன் போட்டா ஷமீனா "நல்லாருக்கேன் உம்மா"ங்குதா. அதுக்கு மேல ஒரு வார்த்த வரமாட்டேங்குது. வாய மூடாம பேசுத பிள்ளட்டி அது. மாமியாளப் பத்திக் கேட்டா உடனே பேச்ச மாத்துதா. இன்னைக்கு அவுக வீட்டு வலிமா விருந்து. நீ சாப்பிடலன்னு வச்சுக்க, பழிக்குப் பழி வாங்குதோம்னு நெனப்பா. அது எம் பொண்ணு தலைலதான் விடியும்.

நிலோபர்: அதுக்கு நான் கறியத் திங்கணுமா?

சுல்தான் பீவி: ஐயோ, வேண்டாம்ட்டி! டாக்டர் சொன்னது இன்னும் காதுலயே நிக்கி. வாந்தி நிக்காம வந்தா, காய்ச்சல் அடிச்சா, நெஞ்சு படபடன்னு அடிச்சா, வயிறோ இடது தோளோ வலிச்சா... யோசிக்காமத் தூக்கிட்டு வந்திருங்கன்னாரே. உள்தையல் விட்டுட்டா விளையாட்டா?

நிலோபர்: அப்ப என்ன செய்ய?

சுல்தான் பீவி: அதான் சஹன் இருக்கே. ஒரே தட்டு. யாரு எம்புட்டுத் தின்னான்னு யாருக்குத் தெரியும்? நீ கைய மட்டும் அசச்சிக்கிட்டே இரு. உன் பங்கையும் நான் தின்னுருதேன்.

நிலோபர்: இத மட்டும் நல்ல மனசோட சொல்லுத.

சுல்தான் பீவி: கூடப் பொறந்த தங்கச்சிக்கு இது கூடச் செய்யமாட்டேனா? வா, எறங்கு. அந்த டம்ளர மூடு.

*

ஜுஹைனா: வாங்க மைனி, வாங்க. அஸ்ஸலாமு அலைக்கும். நேரா வாரீகளா, அருவில குளிச்சிட்டு வாரீகளா?

சுல்தான் பீவி: வஅலைக்கும் ஸலாம். பிள்ளைகள்லாம் காலையிலேயே ஐந்தருவிக்கு ஓடிட்டு. தல துவட்டாமக்கூட வந்து பசி பசின்னு நிக்கி. நாங்க ரெண்டு பேரும் நேரா வாரோம்.

ஜுஹைனா: நிலோபர் மைனி என்ன, எளச்சாப்புல இருக்கீங்க?

நிலோபர்: பித்தப்பையில கல்லு இருந்துச்சு மைனி. எடுத்தாச்சு.

ஜுஹைனா: அப்படியா... ஓ... எடுத்தாச்சா. நல்லது. வாங்க, இந்த விரிப்புல உக்காருங்க. சஹன் வந்துரும். நான் அங்கன பந்தியப் பாத்துட்டு...

சுல்தான் பீவி: அதெப்படி? நீங்களும் எங்களோட உக்காருங்க.

ஜுஹைனா: இல்ல மைனி. ஆளுகள கவனிக்கணும். நான் எல்லாரும் சாப்பிட்ட பெறகு...

சுல்தான் பீவி: அன்னைக்கு எங்க வீட்லயும் அவசரமாத்தான் எந்திரிச்சீக.

நிலோபர்: லாத்தா!

சுல்தான் பீவி: நான் என்னட்டி தப்பாச் சொல்லிட்டேன்? சம்மந்திமாரு ஒரு சஹன்ல கை வைக்கணும்னு ஒரு ஆசதான்.

ஜுஹைனா: ...உக்காருதேன் மைனி. உங்ககூட உக்காராம வேற யாருகூட உக்காரப் போறேன்?

சுல்தான் பீவி: அப்படிச் சொல்லுங்க. ஆத்தீ, சஹன் என்ன இம்புட்டுப் பெருசு! ஆறு பேருக்கு வச்சிருக்காங்க போல.

ஜுஹைனா: சம்மந்தி சஹன்னு சொல்லியே வைக்கச் சொன்னேன். பிஸ்மில்லாஹ். மைனி, இந்த நல்லி உங்களுக்கு.

நிலோபர்: எனக்கா? வீட்டுக்காரவுக நீங்க சாப்பிடாம நான் எப்படி? இந்தாங்க.

ஜுஹைனா: விருந்துக்கு வந்தவுகளுக்குத்தான் மொதல்ல. இந்தாங்க.

நிலோபர்: காலையிலேருந்து நின்ன காலோட நிக்கீங்க. உங்களுக்குத்தான் தெம்பு வேணும்.

ஜுஹைனா: ஆபரேஷன் ஆன ஒடம்பு. உங்களுக்குத்தான் வேணும்.

நிலோபர்: இது நெஞ்செலும்புக் கறி, பஞ்சாட்டம் இருக்கு. இதையாவது எடுங்க.

ஜுஹைனா: பஞ்சாட்டம் இருக்கா? அப்ப நீங்கதான் எடுக்கணும்.

சுல்தான் பீவி: அந்த நல்லி நாலு தடவ ஊர்வலம் போயிட்டு வந்தாச்சு. யாராவது ஒருத்தர் தின்னுங்களேன்.

ஜுஹைனா: அப்ப மைனி நீங்க எடுங்க.

நிலோபர்: ஆமா லாத்தா, உனக்கு நல்லின்னா உசுரு.

சுல்தான் பீவி: குடுங்க, குடுங்க. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?

ஜுஹைனா: இந்த ஈரலும்.

நிலோபர்: இந்தத் துண்டும் லாத்தா.

சுல்தான் பீவி: ஏட்டி...

ஜுஹைனா: தால்ச்சா ஊத்தட்டுமா மைனி?

நிலோபர்: எனக்கு ஒரு கரண்டி மட்டும். தண்ணியா. காய் வேண்டாம்.

ஜுஹைனா: எனக்கும் அப்படித்தான். தண்ணியா இருந்தாத்தான் எறங்கும்.

சுல்தான் பீவி: என்ன ருசியோ ரெண்டு பேருக்கும்.

ஜுஹைனா: ஏன் மைனி, சோத்த இப்படிப் பிசையுதீங்க? பச்சப்பிள்ளைக்கு ஊட்டுத மாதிரி.

நிலோபர்: சின்ன வயசுலேருந்து பழக்கம். ...நீங்களும் அப்படித்தான பிசையுதீங்க?

ஜுஹைனா: ...எனக்கும் பழக்கம்.

சுல்தான் பீவி: ரெண்டு பேரும் பிசைஞ்சே பசியாறிருவீக போல. அம்மா தாயி, இங்கன சோத்தப் போடாத! போதும்!

ஜுஹைனா: போடும்மா, போடு. சம்மந்திமாருக்கு அள்ளிப் போடு.

நிலோபர்: ஐயோ மைனி!

ஜுஹைனா: இருக்கட்டும் மைனி. சாப்பாடு நல்லா இல்லையோ? நீங்க ஒண்ணும் எடுக்கவே மாட்டேங்கீங்க.

நிலோபர்: எடுத்துக்கிட்டேதான் இருக்கேன். பாருங்க, என் பக்கம் எம்புட்டுக் காலியாருக்கு.

சுல்தான் பீவி: உன் பக்கம் காலியாத்தான் இருக்கு. எல்லாம் என் பக்கம்லா மலையாட்டம் குவிஞ்சிருக்கு.

ஜுஹைனா: கலர் சோடா கொண்டு வரச் சொல்லட்டுமா? தின்னது செரிக்கும்.

நிலோபர்: எனக்கு வேண்டாம். கேஸ் ஆகாது.

ஜுஹைனா: எனக்கும் ஆகாது. மைனிக்கு ரெண்டாக் கொண்டு வரச் சொல்லுதேன்.

சுல்தான் பீவி: எனக்கு எதுக்கு ரெண்டு?

நிலோபர்: மைனி, நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதீங்க. உங்கள மாதிரி பாசமான சம்மந்திய நான் பாத்ததே இல்ல. ஒரு துண்டு கூட நீங்க எடுத்துக்கல.

ஜுஹைனா: நான் சொல்ல வந்தத நீங்க சொல்லிட்டீங்க.

சுல்தான் பீவி: பாசத்த அப்புறம் பேசலாம். எனக்கு மூச்சு முட்டுது. நான் மூணு பேருக்குத் திங்கேன்... மைனி, நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நீங்க ஒரு வாய் கூட வைக்கல.

ஜுஹைனா: வச்சேனே.

சுல்தான் பீவி: எங்க வச்சீக? எங்க வீட்லதான் சாப்பாடு பிடிக்கல. இது உங்க வீட்டுச் சாப்பாடுதான?

ஜுஹைனா: அப்படியெல்லாம் இல்ல மைனி...

சுல்தான் பீவி: என்ன புள்ள, போனோட வந்து நிக்க? வீடியோவா? ஸ்டேட்டஸ் போடணுமா? சம்மந்திக்குச் சம்மந்தி ஊட்டணுமா? நல்ல ரோசன சொன்ன, எடு. மைனி, இங்கன திரும்புங்க.

நிலோபர்: லாத்தா, சின்னதா உருட்டு.

சுல்தான் பீவி: நீ சும்மா இருட்டி. கோழிக்கா போடுதேன்? ஆ காட்டுங்க மைனி.

ஜுஹைனா: மைனி, எனக்கு... இப்பத்தான்...

சுல்தான் பீவி: போன் பாத்துக்கிட்டு இருக்கு. எல்லாரும் பாக்காங்க. என் கையால ஒரு வாய் வாங்க மாட்டீகளா?

ஜுஹைனா: ...ஆ.

சுல்தான் பீவி: அம்புட்டுத்தான்! இப்பத்தான் எனக்கு மனசு நெறஞ்சுச்சு. பாத்தியாட்டி, கண்ணு கலங்கிருச்சு மைனிக்கு.

நிலோபர்: ...லாத்தா, இது பாசத்துல கலங்குத கண்ணு இல்ல.

சுல்தான் பீவி: பெறகு?

நிலோபர்: மூக்குல தண்ணி வடியுது. விக்கல் எடுக்கு... மைனி, என்னப் பாருங்க. முழுங்கிட்டீங்களா?

ஜுஹைனா: ம்ம்... கொஞ்சம்...

நிலோபர்: மிச்சத்தத் துப்புங்க. இந்தத் துணில துப்புங்க. சும்மா துப்புங்க, யாரும் பாக்கல. பாப்பா, போன அங்கிட்டுக் கொண்டு போ!

சுல்தான் பீவி: மிளகா கடிச்சிட்டாகளா? தண்ணி... இந்தாங்க மைனி, தண்ணி குடிங்க.

நிலோபர்: தண்ணி குடுக்காத லாத்தா! அடச்சு நிக்கும்போது மேல தண்ணி விட்டா இன்னும் மோசம். மைனி, எந்திரிங்க. என் தோளப் பிடிச்சிக்கோங்க. பின்னால அந்த ரூமுக்குப் போவோம். மெல்ல நடங்க. மூச்ச நிதானமா விடுங்க.

சுல்தான் பீவி: என்னட்டி நடக்கு இங்க?

நிலோபர்: கதவச் சாத்து.

*

நிலோபர்: எங்க வலிக்கு?

ஜுஹைனா: நெஞ்சுக்கு நடுவுல... கல்லாட்டம்...

நிலோபர்: தோள்ல வலி இருக்கா? படபடப்பு?

ஜுஹைனா: இல்ல. அடச்சிருக்கு, அம்புட்டுத்தான். ...இருங்க. ...இறங்குது. ...அல்ஹம்துலில்லாஹ். இறங்கிருச்சு மைனி.

நிலோபர்: காய்ச்சல் கீய்ச்சல் எதும் இல்லையே? இன்னைக்கு இனிமே வாயில எதையும் வைக்காதீங்க, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு வைங்க. இறங்கலன்னா இப்பவே கார எடுக்கச் சொல்லிருப்பேன்.

ஜுஹைனா: போடுதேன்.

நிலோபர்: எந்த ஊர்ல?

ஜுஹைனா: ...என்ன எந்த ஊர்ல?

நிலோபர்: ஆபரேஷன். எனக்கு மதுரைல.

ஜுஹைனா: ...உங்களுக்குக் கல்லுன்னு...

நிலோபர்: கல்லும் இல்ல, மண்ணும் இல்ல.

ஜுஹைனா: திருவனந்தபுரம். லாத்தா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். இன்னும் ஆறு வாரம் முடியல. முட்டை, மீனு, அவிச்ச காய்... மசிச்சுத்தான் திங்கேன். கறி வரல இன்னும். நீங்க?

நிலோபர்: மூணாவது வாரம். பருப்புத் தண்ணியும், கூழும்.

ஜுஹைனா: ஐயோ, அந்தக் கட்டமா! எனக்கு அப்ப கனவுல முறுக்கு வரும் மைனி. முறுக்குன்னா முறுக்கு, கடகடன்னு சத்தத்தோட.

நிலோபர்: எனக்குப் பரோட்டா. அதும் சால்னா ஊத்தின பரோட்டா.

ஜுஹைனா: அப்ப அந்த நல்லி...

நிலோபர்: நான் தப்பிக்கத் தள்ளுனேன். நீங்க?

ஜுஹைனா: நானும் அதுக்குத்தான். இவுகளுக்கு என் மேல இம்புட்டுப் பாசமான்னு எனக்கு அழுகையே வந்திருச்சு.

நிலோபர்: சிரிக்காதீங்க மைனி, உங்களுக்கு வயிறு வலிக்கும்... எனக்கும் வலிக்கு.

சுல்தான் பீவி: ரெண்டு பேரும் சிரிச்சு முடிச்சாச்சா? எனக்கு யாராவது விவரமாச் சொல்லுதீகளா?

நிலோபர்: உன் சம்மந்தியும் வயித்த வெட்டிருக்காக லாத்தா. என்ன மாதிரியே.

சுல்தான் பீவி: யா அல்லாஹ்... அந்த வயித்துக்குள்ளயா நான் அம்புட்டுப் பெரிய உருண்டைய...

ஜுஹைனா: தெரியாமத்தான மைனி ஊட்டுனீக?

சுல்தான் பீவி: இல்ல மைனி. தெரியாம ஊட்டல. கோவத்துல ஊட்டுனேன். எங்க வீட்டுச் சோத்தத் தொடலன்னு. வம்புக்குன்னே பெருசா உருட்டுனேன். என்ன மன்னிச்சிருங்க.

ஜுஹைனா: ஐயோ... அன்னைக்கு உங்க வீட்டு நெய்ச்சோத்து வாசம் இருக்கே, கைய வச்சா எடுக்க மாட்டேன்னு பயந்துதான் எந்திரிச்சு ஓடுனேன். அதப் போயி...

சுல்தான் பீவி: என் பொண்ண எப்படி வச்சிருக்காளோன்னு ஒரு வாரமா நான் தூங்கல மைனி. நேராவே சொல்லிட்டேன். இனிமே மறைக்க என்ன இருக்கு?

நிலோபர்: ஏன் மைனி யாருகிட்டயும் சொல்லல? உங்க வீட்ல நீங்கதான பெரியவுக.

ஜுஹைனா: அதான் காரணம். ஊரெல்லாம் கூட்டி விருந்து வைக்கேன். மாமியா வயித்த அறுத்துக்கிட்டு வந்திருக்கான்னு புதுப்பொண்ணு வீட்ல சிரிச்சா? எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், அவரு லீவு முடிஞ்சு பிளேன் ஏறிட்டாரு. ஹுஸைஃபாவுக்குக் கூடத் தெரியாது.

சுல்தான் பீவி: அப்ப இந்தக் கூழு, மசியலு, வடிகட்டுன தண்ணி... வாரக் கணக்கா யாரு செஞ்சு தாரா? நீங்களே எந்திரிச்சா?

ஜுஹைனா: இந்த ஒரு வாரமா நான் அடுப்புப் பக்கமே போகல மைனி. நிக்காஹுக்கு மறுநாள் விடியக்காலம் யாருக்கும் தெரியாம நின்னு பருப்ப வடிகட்டிக்கிட்டு இருந்தேன். உங்க மக வந்தா. ஒண்ணும் கேக்கல, வடிகட்டிய என் கையிலேருந்து வாங்கிட்டா. "எங்க வீட்லயும் ஒருத்தங்களுக்கு நான்தான் மாமி வடிகட்டிக் குடுத்தேன், நீங்க உக்காருங்க"ன்னா. அது யாரும்மான்னு நானும் கெஞ்சிக் கேட்டுப் பாத்துட்டேன், பேர மட்டும் சொல்லவே மாட்டேன்னுட்டா. அது யாருன்னு இப்பத்தான் புரியுது. என் பேரையும் அவ உங்ககிட்டச் சொல்லிருக்க மாட்டாளே?